ஜிபெக்கின் அண்ணி

கொச்கோர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, டயர்க் கடைக்கும் இறைச்சி வைத்த சம்சா சுடும் அடுப்புக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிற ஒற்றை அறைதான் புருலின் முடிவெட்டும் கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தண்ணீர் சுட வைக்க ஒரு கெட்டில். வந்து உட்காரும் ஆண்களிடம் அவள் முதலில் கேட்பது, "எத்தனை வயசு குறைக்கணும்?" என்பதுதான். பத்து என்று சொன்ன ஒருவரிடம், "அதுக்கு முடிய வெட்டினா போதாது, பல்லையும் கட்டணும்" என்றாள். அவர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனார். மறுநாள் மீதிப் பாதிக்குத் திரும்பி வந்தார், ஏனென்றால் இரண்டு காதுக்கும் மேலே ஒரே அளவாக வெட்டத் தெரிந்தவள் ஊரில் அவள் ஒருத்திதான்.

பிறந்தது ஜும்கால் பக்கம். தலைநகரமான பிஷ்கெக்கில் மூன்று மாதம் தொழில் படித்தாள். பயிற்சிக்குத் தலை கொடுத்த ஒரு சிப்பாயின் புருவத்தைத் தவறிப்போய் மழித்துவிட்டதை இன்றும் பெருமையாகச் சொல்வாள். இருபத்திரண்டு வயதில், லாரி ஓட்டும் மக்சாத்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ஊரையே கிண்டலடிக்கும் அந்த வாய் மாமனார் முன்னால் மட்டும் பூட்டிக்கொள்ளும். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது, அவர் எதிரில் முதுகு காட்டி உட்காரக் கூடாது, பெற்ற பிள்ளையையே அவர் பார்க்கக் கொஞ்சக் கூடாது. எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தாள். மாமனார் பெயர் சத்தார். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களைவிடக் குதிரைகளிடம் மரியாதையாகப் பேசுகிறவர்.

கல்யாணமான மறுவருடம் ஜிபெக் பிறந்தாள். எங்கள் பக்கத்தில் தலைச்சன் பிள்ளை தாத்தா வீட்டுக்கு. நாலும் பையனாகப் பெற்றுச் சலித்துப்போயிருந்த மாமியார், பேத்தி பிறந்ததைக் கேட்ட அன்றே தொட்டிலைத் துடைத்து வைத்துவிட்டார். குழந்தைக்கு ஒரு வயது முடிந்து நடை பழகியதும் வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஜிபெக்குக்கு அவர்கள்தான் அப்பா அம்மா. மக்சாத் அண்ணன். புருல் அண்ணி.

வாங்கிக்கொண்டு போகும்போது மாமியார் வாசலில் நின்று சொன்னது புருலுக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "அவளா வாயத் தொறந்து கேக்குற வரைக்கும் யாரும் சொல்லக் கூடாது. கேக்குற அன்னைக்கு உங்க மாமாதான் சொல்லணும். நீ இல்ல." புருல் தலைகுனிந்து வணங்கினாள். மூன்று வாரம் மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடையில் நின்றாள். அந்த மூன்று வாரமும் அவள் யாரையும் கிண்டல் செய்யவில்லை. ஊரார் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் மாமியார் போய்ச் சேர்ந்தார். மற்ற பிள்ளைகள் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார்கள். அந்தப் பெரிய வீட்டில் கிழவரும் ஜிபெக்கும் மட்டும் மிஞ்சினார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த புருல் தினமும் போய்ச் சமைத்தாள், துவைத்தாள், ஜிபெக்கின் தலையைப் பின்னினாள். பின்னுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அவள் முப்பது நிமிடம் எடுத்துக்கொள்வாள். சிக்கு அதிகம் என்று கிழவரிடம் சொல்வாள். அந்தக் குழந்தையின் தலையில் ஒரு நாளும் சிக்கு இருந்ததில்லை.

இப்படியே இன்னும் எத்தனை வருடம் ஓடியிருக்குமோ, பள்ளிக்கூடம் திறந்து எல்லாவற்றையும் கெடுத்தது. ஜிபெக் முதல் வகுப்பில் சேர்ந்தாள். ஆசிரியை வருகைப் பதிவைப் பிரித்து, தகப்பன் பெயரோடு சேர்த்து, "மக்சாத் மகள் ஜிபெக்" என்று கூப்பிட்டார். ஜிபெக் எழுந்து நின்று, "சத்தார் மகள்" என்று திருத்தினாள். பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். "அவரு உன் தாத்தாடி. உங்கம்மா முடி வெட்டுறவ" என்றான். ஜிபெக் அவன் கையைக் கடித்தாள். பல் பதிந்த இடத்தை அவனுடைய தாய் மூன்று நாள் தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

தலைமையாசிரியை கடிதம் அனுப்பினார். முதல் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து உட்கார நூலகத்தில் ஆறு சனிக்கிழமை ஒரு கூட்டம் நடக்கிறது. பிள்ளைகளுக்கு வருகிற கோபம், பயம், அழுகையைப் பற்றிப் பேசுவார்கள். பெற்றவர் யாராவது ஜிபெக்கோடு கட்டாயம் வரவேண்டும்.

"நான்தான் போகணும்" என்றார் சத்தார். "அவளுக்கு அப்பா நானிருக்கேன்."

புருல் தேநீர்க் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தபடியே, அங்கே நிறைய எழுத வேண்டியிருக்குமாமே, மாமாவின் கண்ணாடி உடைந்து கிடக்கிறதே என்று கவலைப்பட்டாள். கண்ணாடி முந்தின நாள்வரை நன்றாகத்தான் இருந்தது. சத்தார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி, எழுத நீ வா என்றார்.

கூட்டத்தை நடத்தியவள் நூலகத்தில் வேலை பார்க்கும் நுர்சாத். அதற்காகத் தலைநகரத்தில் ஐந்து நாள் படித்துவிட்டு வந்திருந்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள். வட்டத்தில் எல்லோரும் சமம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் கொச்கோருக்கு வந்ததில்லை போலும். சத்தார் உள்ளே நுழைந்ததும் பதினோரு தாய்மாரும் எழுந்து நின்றார்கள். பெரியவர் மேலிடத்தில் உட்காராமல் யாரும் உட்கார முடியாது. வட்டத்தில் மேலிடம் எது? கதவுக்கு எதிரே உள்ள நாற்காலி என்றாள் ஒருத்தி. கணப்பு அடுப்புக்குப் பக்கம் என்றாள் இன்னொருத்தி. அவர் ஒரு நாற்காலியில் அமர்ந்ததும், இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் மரியாதைக்காக நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார்கள். அவர்களைவிட இளையவர்கள் இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள். கால் மணி நேரத்தில் வட்டம் போய் கல்யாண வீட்டுப் பந்தி வந்துவிட்டது. பிறகு தேநீர், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி, கொடிமுந்திரி ஜாம். அதற்கப்புறம் பெரியவரின் வாழ்த்து. வாழ்த்தின் முடிவில் எல்லோரும் இரு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தபோது முதல் வாரம் முடிந்திருந்தது.

இதற்கு நடுவில் நுர்சாத் எப்படியோ ஒரு விளையாட்டை மட்டும் நுழைத்துவிட்டாள். ஒவ்வொருவரும் தம் வலப்பக்கம் இருப்பவரின் பெயரையும், அவர் தமக்கு என்ன உறவு என்பதையும் சொல்ல வேண்டும். புருலின் வலப்பக்கம் சத்தார்.

"இவரு" என்று ஆரம்பித்தாள் புருல். "இந்த ஊர்ல இருக்குற குதிரைங்க எல்லாத்துக்கும் பேரு தெரிஞ்சவரு. இவரு பேரு குதிரைங்களுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்துவதுபோல் தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டார்கள். சத்தார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் முறை வந்தபோது, பக்கத்தில் இருந்த ஜிபெக்கைக் காட்டி, "இது என் மக" என்றார். ஜிபெக் தன் வலப்பக்கம் இருந்தவளை விட்டுவிட்டு, புருலைக் காட்டி, "இது எங்க அண்ணி, நல்லாப் பின்னுவாங்க" என்றாள். புருல் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே பார்க்க என்ன இருந்ததோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். தினமும் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும். நாளுக்கு மூன்று முறை வாய்விட்டுப் பாராட்ட வேண்டும். பெண்கள் திகைத்துப் போனார்கள். பிள்ளையை வாய்விட்டுப் பாராட்டினால் கண் பட்டுவிடாதா? ஒருத்தி நல்ல வழி ஒன்று கண்டுபிடித்தாள். "என் செல்லம், எவ்வளவு புத்திசாலி" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, உடனே "மூஞ்சியப் பாரு, பன்னி மாதிரி" என்று இரண்டுமுறை சொல்லிக் கழித்துவிடுவது. அடுத்த வாரம் எல்லோரும் அதையே செய்துவிட்டு வந்து, பிள்ளைகள் வீட்டில் ரொம்பச் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். நுர்சாத் அதை அறிக்கையில் எப்படி எழுதுவதென்று தெரியாமல் பேனாவைக் கடித்தாள்.

சத்தாரைத்தான் கூட்டத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கோபப்படும் பிள்ளையை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டால், குதிரையின் காதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். பேசி முடிக்கும்போது அது எப்படியோ பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கும். புருல் அவர் சொன்னதையெல்லாம் அடக்கமாக எழுதிக்கொண்டாள். எழுதும் சாக்கில் தனக்கும் ஒரு வழி தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் வழி கிடைத்தது. பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போட நுர்சாத் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்திருந்தாள். புருல் கடையில் உட்கார்ந்து, இடது கையால், கோணல்மாணலான பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதினாள்: 'பெற்றவள் யாரென்று பிள்ளைக்குத் தெரியவில்லை. பிள்ளை கேட்கிற மாதிரியும் இல்லை. கேட்கும்வரை காத்திருப்பது சரியா?' நுர்சாத் அதை எடுத்து உரக்கப் படித்தாள். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போர்சோக் எடுக்கக் கையை நீட்டினார்கள். சத்தார், அந்தச் சீட்டை இங்கே கொடு என்று வாங்கினார். படிக்கவில்லை. முகர்ந்து பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் ஜிபெக் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். சத்தார் மெதுவாகக் கேட்டார். "இந்த ஊர்ல தலைக்குச் சாயம் பூசிவிடுறவங்க எத்தனை பேரு இருக்காங்க, புருல்?"

"நான் ஒருத்திதான் மாமா."

"சீட்டுல அந்த வாசனை."

எட்டு வருடத்தில் அவர் புருலைத் திட்டியதே இல்லை. திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று அப்போது தோன்றியது. அவர் திட்டவில்லை.

"அவ கேட்டா நான் சொல்றேன்னு உன் மாமியார்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். கேக்காதவகிட்ட நானாப் போயி என்னத்தச் சொல்ல?" என்றார். பத்தடி நடந்தபின், "சொன்னா அவ உங்க வீட்டுக்கு வந்துடுவா. அப்புறம் நான் சுவத்துக்கிட்டப் பேசணும்" என்றார்.

அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது, புருலுக்குப் பொறுக்க முடியாததாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய், தன்னை அம்மா என்று நாள் முழுதும் நச்சரிக்கும் இரண்டு வயது மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். மக்சாத் என்னவென்று கேட்டான். வெங்காயம் என்றாள். சமையலறையில் வெங்காயமே இல்லை என்பதை அவன் சொல்லிக்காட்டவில்லை.

நான்காவது சனிக்கிழமை காலையே பனி விழுந்து சேறாகிக் கிடந்தது. அன்று நுர்சாத் புது விளையாட்டு சொன்னாள். பிள்ளைகள் பெற்றவர்களாக மாற வேண்டும், பெற்றவர்கள் பிள்ளைகளாக மாற வேண்டும். பெற்றவராக இருப்பவர் தம் பிள்ளையை உட்கார வைத்து, உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜிபெக் சத்தாரின் தலையிலிருந்து வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அது மூக்குவரை இறங்கியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, வலது காலை லேசாக இழுத்து நடந்தாள். பதினோரு பெண்களும் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சத்தாரும் சளைத்தவரில்லை. சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, டீ வேண்டாம், சர்க்கரைக் கட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்.

"நான் யாரு?" என்று கேட்டாள் புருல்.

"நீங்க அண்ணியாவே இருங்க" என்றாள் ஜிபெக்.

புருல் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜிபெக் கிழவரின் குரலிலேயே ஆரம்பித்தாள். "ஏம்மா, அந்தப் பையன எதுக்குக் கடிச்ச?"

"அவன் பொய் சொன்னான்" என்றார் சத்தார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

"அவன் பொய் சொல்லல. எனக்குத் தெரியும்."

சத்தாரின் உதடு பழைய இடத்துக்கு வந்தது. ஜிபெக் தொப்பியை மேலே தள்ளிவிட்டாள். இன்னும் அதே குரல்தான், ஆனால் இப்போது யாரும் சிரிக்கவில்லை. "அவன் சத்தமாச் சொன்னான், அதான் கடிச்ச. அப்பா காதுல விழுந்தா அப்பா அழுவாருன்னு கடிச்ச. அம்மா செத்த அன்னைக்கு அத்தைங்க எல்லாம் பேசிக்கிட்டாங்கல்ல, பெத்தவ இருக்கா, பயமில்லன்னு. அப்பவே உனக்குத் தெரியும். நீ சொல்லவே இல்ல. நல்ல பொண்ணு."

இரண்டு வருடம். ஐந்து வயதிலிருந்து அந்தக் குழந்தை தெரிந்துகொண்டே பின்னல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது, தெரிந்துகொண்டே அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பெரியவர்கள் இரண்டு பேரும் அவளுக்குத் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்ததை, அவள் பெரியவர்களுக்குத் தெரியாமல் பொத்தி வைத்திருந்தாள். புருலுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. பாய்ந்து போய் அள்ளிக்கொள்ள வேண்டும்போல் கை துடித்தது. மாமனார் எதிரில் இருந்தார். கையை மடியில் அழுத்திக்கொண்டாள்.

நுர்சாத், போதும், விளையாட்டை நிறுத்திக்கொள்ளலாம் என்றாள். சத்தார் அவளைப் பார்த்துக் கையைக் காட்டினார், இரு என்று. அவர் சின்ன நாற்காலியிலிருந்து எழவில்லை. பிள்ளையாகவே கேட்டார்.

"அப்பா, அப்போ எங்கம்மா யாரு?"

கேட்டுவிட்டார். பிள்ளை கேட்க வேண்டும், அப்பா சொல்ல வேண்டும் என்பதுதானே கிழவி போட்ட கட்டளை. பிள்ளை நாற்காலியில் அவர் இருந்தார். அப்பாவின் தொப்பி யார் தலையில் இருந்ததோ அவள்தான் இனிச் சொல்ல வேண்டும்.

ஜிபெக் புருல் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "இவதான்" என்றாள். ஆசிரியை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள், அவ்வளவு சாதாரணமாக.

"அப்போ நீ?" என்றார் சத்தார். அது விளையாட்டுக் குரல் இல்லை.

"நான் அப்பாதான். நான் எங்க போகப்போறேன்?"

சத்தார் அழுதார். ஊரே கண்டு நடுங்கும், கடிக்கிற குதிரையின் வாய்க்குள் கையை விட்ட மனிதர், பதினோரு பெண்களுக்கு முன்னால், பிள்ளைகளுக்கான நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். பெண்கள் எல்லோரும் அவருக்கு மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு, அவரவர் பங்குக்கு அழுதார்கள். நுர்சாத் அன்று எழுத வேண்டிய அறிக்கையில், 'விளையாட்டு நன்றாக நடந்தது' என்று ஒரு வரி எழுதினாள். அதற்குமேல் அவளுக்கு ஓடவில்லை.

மூன்று பேரும் சந்தை வழியாகத் திரும்பினார்கள். உலர்பழக்காரன் கடைக்கு முன்னால் ஜிபெக் நின்றாள்.

"அம்மா, என் காலுறை நனைஞ்சிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். புருல் நின்ற இடத்திலேயே நின்றாள். சத்தார் இரண்டடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே உலர்பழக்காரனிடம் போய், முதுகை இவர்கள் பக்கம் காட்டிக்கொண்டு, இந்தச் சர்க்கரைபாதாமிப் பழம் எந்த வருடத்தது, ஏன் இவ்வளவு சுருக்கம், இதற்குப் போய் இந்த விலையா என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார். அவருக்குச் சர்க்கரைபாதாமி ஆகாது. சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும்.

புருல் சேற்றில் மண்டியிட்டாள். ஜிபெக்கை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ஆறு வருடம் கழித்து அந்தக் கழுத்தை முகர்ந்தாள். சந்தை வேடிக்கை பார்த்தது. கையில் கோழியோடு போன ஒருத்தி கோழியை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"மூச்சு முட்டுதும்மா" என்றாள் ஜிபெக்.

உலர்பழக்காரன் விலையை மூன்று தடவை குறைத்துவிட்டான். இனிக் குறைக்க ஒன்றுமில்லை. சத்தார் பழங்களையே பார்த்தபடி, கழுத்தைத் திருப்பாமல், குரலை மட்டும் பின்னால் அனுப்பினார்.

"புருல், நான் திரும்பலாமா?"

எட்டு வருடத்தில் புருல் மாமனார் சொல்லைத் தட்டியதே இல்லை.

"இன்னும் இல்ல மாமா" என்றாள்.